அடுக்கும் இடத்தில் சிவப்பு

கொழும்பு
20 ஜனவரி 2025

திரு. சோமசுந்தரம்,
முகாமையாளர், வாசனைப்பொருள் களஞ்சியம், யட்டவத்த.

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் களஞ்சியத்தில் மூட்டை தூக்கும் வேலைகளைப் பார்த்து எழுதிய இடர் மதிப்பீட்டு அறிக்கையை இத்துடன் அனுப்புகிறேன். உங்களிடம் மிளகு வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் கேட்டுக்கொண்டதால் எங்கள் அலுவலகம் இதைச் செய்தது. வேலை செய்கிறவர்களின் முதுகும் தோளும் முழங்காலும் எந்த இடத்தில் பழுதாகக்கூடும் என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் நோக்கம். யார்மீதும் குற்றம் சொல்வதற்கு அல்ல.

நான் பார்த்தது மூன்று வேலைகள். பச்சை என்றால் இடர் குறைவு, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு மிக அதிகம். களத்தில் காய்ந்த மிளகைக் கூட்டி அள்ளுவது பச்சை. லொறியிலிருந்து மூட்டையை இறக்கித் தோளில் சுமந்து படியேறுவது மஞ்சள். உள்ளே அடுக்குவது சிவப்பு. அங்கே ஐம்பது கிலோ மூட்டையை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் காதைப் பிடித்துத் தரையிலிருந்து தூக்குகிறார்கள். தூக்கிய கையோடு உடம்பைத் திருப்பித் தலைக்கு மேலுள்ள வரிசையில் ஏற்றுகிறார்கள். குனிவதும் திரும்புவதும் கையை உயர்த்துவதும் ஒரே மூச்சில் நடக்கின்றன. முதுகெலும்புக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை இல்லை.

அன்று அந்த இடத்தில் நின்றவர்கள் அழகம்மாவும் பழனிமுத்துவும். இருவரும் நன்றாக ஒத்துழைத்தார்கள். உடம்பில் எங்காவது வலி உண்டா என்று எல்லாரிடமும் கேட்டேன். ஒருவருக்கும் இல்லை என்றார்கள். அழகம்மா அதைச் சொல்லும்போது இடுப்பில் கையை ஊன்றியபடி நின்றார். அதை நான் அறிக்கையில் எழுதவில்லை.

பரிந்துரைகள் கடைசிப் பக்கத்தில் உள்ளன. சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

இப்படிக்கு,
சிவநந்தினி
பணிச்சூழலியல் மதிப்பீட்டாளர்


யட்டவத்த
3 பெப்ரவரி 2025

அன்புடையீர்,

அறிக்கை கிடைத்தது. படங்களும் நிறங்களுமாகப் பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. நீங்கள் தொலைபேசியில் அழைத்ததை எடுக்காததற்கு மன்னிக்கவும். வாயால் பேசிய விஷயம் பிறகு நான் சொன்னது, நீங்கள் சொன்னது என்று மாறிப்போகும். எழுத்தில் இருந்தால் இருவருக்கும் நல்லது. என் உத்தியோக காலம் முழுவதும் இப்படித்தான்.

நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறேன். அறிக்கையில் சிவப்பு நிறத்தில் காட்டப்பட்ட அழகம்மா, பழனிமுத்து இருவரையும் உரிய கொடுப்பனவோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். வருத்தமான காரியம்தான். அழகம்மா நான் இங்கே வருவதற்கு முன்பிருந்தே வேலை செய்கிறவர். ஆனால் அவர்கள் உடம்பு தாங்காது என்று படித்தவர்கள் பார்த்து எழுதிய பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பது முறையல்ல.

அவர்களுக்குப் பதிலாக நாவுலவிலிருந்து இரண்டு இளைஞர்களை எடுத்திருக்கிறேன். அவர்களில் கஜீபன் என்பவர் கரப்பந்தாட்டக்காரர். நல்ல உயரம். இரண்டு பேர் பிடிக்கும் மூட்டையைத் தனியாளாகவே ஏற்றிவிடுகிறார். எங்கள் முதலாளி மக்கீன் அவர்களும் வந்து பார்த்துத் திருப்தி தெரிவித்தார்.

ஆகவே இப்போது எங்களிடம் சிவப்பு இல்லை. குறை நிவர்த்தி செய்யப்பட்டது என்று நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால், அறிக்கையைப் பார்த்து வெளிநாட்டு நிறுவனம் நிறுத்திவைத்த மிளகுக் கொள்வனவு மீண்டும் தொடங்கும்.

தங்கள் உண்மையுள்ள,
சோமசுந்தரம்


கொழும்பு
10 பெப்ரவரி 2025

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அறிக்கையை நீங்கள் தவறாக வாசித்திருக்கிறீர்கள்.

சிவப்பு என்பது வேலைக்கு. ஆளுக்கு அல்ல. அந்த இடத்தில், அந்தப் பாரத்தை, அந்த உயரத்துக்கு யார் தூக்கினாலும் சிவப்புத்தான். அழகம்மா நின்ற இடத்தில் நான் நின்றாலும் சிவப்பு, நீங்கள் நின்றாலும் சிவப்பு. இரண்டு பேர் தூக்கியதைக் கஜீபன் ஒருவராகத் தூக்குகிறார் என்றால் நிலைமை முன்பைவிட மோசமாகியிருக்கிறது. இளமை அதைக் கொஞ்ச நாள் மறைத்துவைக்கும்.

நீங்கள் கேட்ட கடிதத்தை என்னால் தர இயலாது. இருவரையும் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். கஜீபனைத் தனியாகத் தூக்கவிடாதீர்கள். பரிந்துரைகளில் எல்லாவற்றையும் உடனே செய்ய முடியாவிட்டாலும் அடுக்கின் உயரத்தையாவது நெஞ்சளவில் நிறுத்துங்கள். அதற்குச் செலவில்லை, இடம் மட்டும்தான் வேண்டும்.

சிவநந்தினி


யட்டவத்த
24 பெப்ரவரி 2025

அன்புடையீர்,

தங்கள் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குத்தான் சிவப்பு என்கிறீர்கள். அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிவப்புப் பெட்டிக்குள் இருப்பது அழகம்மாவும் பழனிமுத்துவும் நிற்கும் படம். படத்துக்குக் கீழே இருவரின் பெயர். நான் போட்ட பெயரா அது? நாளைக்கு அழகம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போனால், ஏற்கெனவே எழுத்தில் தெரிவித்தும் ஏன் வைத்திருந்தாய் என்று தொழில் திணைக்களத்தில் என்னைத்தான் கேட்பார்கள். அப்போது நீங்கள் கொழும்பில் இருப்பீர்கள்.

இடமும் இல்லை. நெஞ்சளவில் நிறுத்தினால் மூட்டைகளில் பாதி வாசலுக்கு வெளியே நிற்கும். மழை பெய்தால் மிளகு பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்தால் உங்கள் வெளிநாட்டு நிறுவனம் அதற்கு வேறொருவரை அனுப்பி அறிக்கை எழுதும்.

போன வாரம் அழகம்மா வந்திருந்தார். கேற்றுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஐயா, அந்த மிஸ் கேட்டப்போ எனக்கு ஒரு வலியும் இல்லன்னுதானே சொன்னேன்" என்றார். "நீங்களும் பக்கத்துல நின்னீங்க."

"நின்றேன்" என்றேன்.

"அப்புறம் எதுக்கு என் பேருக்குச் செவப்பு போட்டாங்க? நான் அவங்களுக்கு என்னா செஞ்சேன்?"

பதில் தெரிந்தவர் நீங்கள். ஆகவே இந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்பிவைக்கிறேன்.

சோமசுந்தரம்


கொழும்பு
5 மார்ச் 2025

மதிப்புக்குரிய ஐயா,

பெயரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. படமும் பெயரும் அங்கே இருந்திருக்கக் கூடாது. முகங்களை மறைத்துப் பெயர்களை நீக்கிய பிரதியை நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன். உங்களுக்கும் ஒன்று இணைத்திருக்கிறேன். பழைய பிரதியைத் திருப்பி அனுப்புங்கள், அல்லது கிழித்துவிடுங்கள்.

எங்கள் அலுவலகத்தைப் பொறுத்தவரை இந்த வேலை முடிந்துவிட்டது. இனி எழுதுவதானால் என் சொந்த நேரத்தில் எழுதிக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள். எழுதுகிறேன்.

ஒன்றை விளக்க விரும்புகிறேன். மூட்டையின் பாரம் தராசில் எப்போதும் ஒன்றுதான். முதுகுக்கு அப்படி இல்லை. வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் ஒரு பாரம், கையை நீட்டிப் பிடித்தால் அதைப்போலப் பல மடங்கு. குனிந்து எடுத்தால் இன்னும் கூடும், திரும்பினால் இன்னும். அழகம்மாவுக்கு என்ன வயது, என்ன பலம் என்று நான் பார்க்கவே இல்லை. மூட்டை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எங்கிருந்து எங்கே போகிறது என்றுதான் பார்த்தேன்.

இடம் இல்லை என்றீர்கள். பின்பக்கம் பழைய கறுவாப் பட்டைகளும் உடைந்த தராசும் கிடக்கும் அறையை அன்று பார்த்தேன். அது யாருக்காவது வேண்டுமா?

அழகம்மாவின் கேள்விக்கு நேரில் பதில் சொல்ல வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிவியுங்கள்.

சிவநந்தினி


யட்டவத்த
20 மார்ச் 2025

மிஸ் சிவநந்தினி அவர்களுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாத்தளையில் முத்துமாரியம்மன் தேர். ஊருக்குள் பாதைகளை மூடியிருந்ததால் இங்கே வரவேண்டிய லொறிகள் ஒன்றும் வரவில்லை. தேர் முடிந்த மறுநாள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சாரதிகள் அவசரப்படுத்தினார்கள். கஜீபனோடு அடுக்குகிறவர் தேர் பார்க்கப் போனவர், திரும்பி வரவில்லை. வேறு ஒருவரைப் போட நான் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். "பரவாயில்ல ஐயா, நான் பாத்துக்கிறேன்" என்று கஜீபன் சொன்னார். நான் தேடுவதை நிறுத்தினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மூட்டையை மேலே தள்ளும்போது அவர் கையை விட்டுவிட்டார். மூட்டை கீழே விழுந்து வெடித்தது. அவர் விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். என்ன என்று கேட்டேன்.

"வலது கால் எங்க இருக்குன்னு தெரியல ஐயா" என்றார்.

மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். முதுகெலும்பில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சதைவட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். சத்திரசிகிச்சை தேவையா என்று இன்னும் சொல்லவில்லை. வேலை நேரத்து விபத்து என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன். அப்படி எழுதுவதற்கு முன் நான் தன்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்றார் முதலாளி. கேட்டிருக்கலாம்.

வெடித்த மூட்டையின் மிளகைக் கூட்டி அள்ள வெகுநேரம் ஆனது.

நீங்கள் சொன்ன பின்னறை யாருக்கும் வேண்டாம். நாளைக்குத் துப்புரவு செய்யச் சொல்லியிருக்கிறேன். சிறிய சாக்கு, அதை வைத்து எடுக்க ஒரு மேடை என்று பரிந்துரைகளில் எழுதியிருந்தீர்கள். எத்தனை கிலோ? மேடை எவ்வளவு உயரம்? தயவுசெய்து விரைவாக எழுதுங்கள்.

சோமசுந்தரம்


கொழும்பு
26 மார்ச் 2025

சோமசுந்தரம் ஐயாவுக்கு,

கஜீபனைப் பற்றி அறிந்து வருந்துகிறேன். கால் விரல்களை அசைக்க முடிகிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா என்று அவரிடம் கேளுங்கள். இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டவை: சாக்கு இருபத்தைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். மேடை முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் பாதியளவு இருக்கட்டும். யாரும் தரைவரை குனியக் கூடாது, அவ்வளவுதான். அடுக்கு நெஞ்சோடு நிற்கட்டும். மேடைக்கும் அடுக்குக்கும் நடுவில் இரண்டு எட்டு வைக்கிற அளவு இடைவெளி விடுங்கள். பக்கத்தில் இருந்தால் காலை நகர்த்தாமல் இடுப்பைத்தான் திருப்புவார்கள். தள்ளிக்கொண்டுபோகக் கைவண்டி ஒன்று. படி இருக்கும் இடத்தில் சரிவாகச் சீமெந்து போடுங்கள்.

இவை பெரிய விஷயங்கள் அல்ல. ஆனால் ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் பயன் குறைவு. சிறிய சாக்கு வந்ததும் ஒரு தடவைக்கு இரண்டாகத் தூக்கச் சொல்லுவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

சிவநந்தினி


யட்டவத்த
12 மே 2025

மிஸ் சிவநந்தினிக்கு,

மேடை கட்டியாயிற்று. சரிவும் போட்டாயிற்று. கைவண்டி ஒன்றின் சக்கரம் இப்போதே கிறீச்சிடுகிறது. சாக்கு விஷயத்தில்தான் பாடு. தோட்டக்காரர்கள் பெரிய சாக்கில்தான் கொண்டுவருவோம் என்றார்கள். "சின்னச் சாக்குன்னா ரெண்டு மடங்கு தைக்கணும், நீங்க தைப்பீங்களா?" என்று ஒருவர் கேட்டார். கடைசியில் சாக்குகளை நாங்களே கொடுப்பது என்று முடிவு செய்தோம். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாக்கு வந்தது.

பழனிமுத்து திரும்பி வந்துவிட்டார். கூப்பிட்டதும் வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு ஒருமாதிரியாக இருந்தது.

அழகம்மா நாவுலவில் தங்கை வீட்டில் இருக்கிறார். அங்கே சந்தையில் மரக்கறி லொறிக்குப் பெட்டி ஏற்றுகிறார். போய்ப் பார்த்தேன். பூசணிக்காய்ப் பெட்டி ஒன்றை வயிற்றில் தாங்கிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் இறக்கிவைக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டே பேசினார்.

"இங்க யாரும் நான் எப்படிக் குனியிறேன்னு பாக்க வர்றதில்ல ஐயா" என்றார். "எனக்கு இதுவே போதும்."

எல்லாம் மாற்றியாகிவிட்டது என்றேன். மிளகைத் தரம் பிரிக்கும் மேசையில் உட்கார்ந்த வேலையே தருகிறேன் என்றேன்.

"உக்காந்த வேலைக்கு உக்காந்த சம்பளந்தானே" என்றார். பிறகு பெட்டியை ஏற்றப் போய்விட்டார்.

கஜீபனுக்கு விரல் அசைகிறது. நீங்கள் கேட்ட மற்றதும் இல்லை. சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு வசதிப்பட்டால் ஒருமுறை வந்து பாருங்கள். நிறுவனம் கேட்டதற்காக அல்ல.

சோமசுந்தரம்


கொழும்பு
30 ஜூன் 2025

சோமசுந்தரம் ஐயாவுக்கு,

நான் அங்கே வந்த அன்று தந்த உணவுக்கும், நான் கேள்விகள் கேட்டபோது வெளியே போய் நின்றதற்கும் நன்றி. போகச் சொன்னது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும்.

முடிவுகளை அனுப்புகிறேன். அடுக்கும் இடம் இப்போது மஞ்சள். அதிலும் மஞ்சளின் கீழ்ப்பக்கம். லொறி இறக்குவது பச்சைக்கு வந்துவிட்டது. இது உங்கள் வேலை, நான் செய்ததல்ல.

ஆனால் இரண்டாம் பக்கத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் திகைப்பாக இருக்கும். ஜனவரியில் வலி இருப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. இம்முறை பெரும்பாலானோர் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பு, தோள், மணிக்கட்டு. வேலை இலகுவான பிறகு வலி கூடியதாகத் தாளில் தெரியும். கூடவில்லை. முன்பும் இருந்தது, இப்போதுதான் சொல்கிறார்கள். கஜீபனுக்கு நடந்ததை நீங்கள் வேலை நேரத்து விபத்து என்று எழுதிக் கொடுத்ததையும், அவருக்குச் சம்பளம் நிற்காமல் போவதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். முதலாளி இந்தப் பக்கத்தை வேறு விதமாக வாசிப்பார். கவனம்.

திரும்பும் வழியில் நாவுலவுக்குப் போனேன். அழகம்மாவைச் சந்தையில் கண்டேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பெயர் போட்டது என் பிழை, சிவப்பு உங்களுக்கு இல்லை, நீங்கள் நின்ற இடத்துக்கு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டா நான் என்னா சொல்லணும் மிஸ்?" என்றார். "வலிக்குதுன்னு சொன்னா அவங்க அனுப்பிருவாங்க. வலிக்கலன்னு சொன்னா நீங்க செவப்பு போடுவீங்க. ரெண்டுலயும் வீட்டுக்குத்தான்."

இத்தனை வருடமாக இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். பதில் சொல்கிறவர் எந்த இடத்தில் நின்று சொல்கிறார் என்று யோசித்ததில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

சிவநந்தினி


யட்டவத்த
21 ஜூலை 2025

மிஸ் சிவநந்தினிக்கு,

முதலாளி இரண்டாம் பக்கத்தை நீங்கள் சொன்னபடியே வாசித்தார்.

"மேடை கட்டினோம், சாக்கு வாங்கினோம், இப்ப எல்லாருக்கும் வலியாம்" என்றார். "யாரு யாரு சொன்னா? பேரச் சொல்லுங்க சோமு."

அறிக்கையில் பெயர் இல்லை என்றேன்.

"அறிக்கையில இல்ல. உங்களுக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு அவர்களில் சிலர் தாங்களாகவே வந்து என்னிடமும் சொன்னார்கள். இன்ன இடத்தில் வலி, இன்ன நேரத்தில் கூடுகிறது என்று. அவர்கள் எல்லாரும் அப்போது அந்த அறைக்கு வெளியேதான் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். புடைக்கும் சத்தம் நின்றுவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது.

"தெரியும் முதலாளி" என்றேன். "சொல்ல மாட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் காரியம் இலகுவாக முடிந்திருக்கும். மக்கீன் முதலாளி கெட்டவர் அல்லர். அவருடைய வாப்பாவும் ஒரு காலத்தில் மாத்தளைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவர். அதை அவர் அடிக்கடி சொல்லுவார், அன்று மட்டும் சொல்லவில்லை. "வலிக்குதுன்னா டொக்டரக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்றார். "அனுப்பத் தேவையில்ல." பிறகு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் புடைக்கும் சத்தம் திரும்பக் கேட்டது.

கஜீபனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. நடக்கிறார். கால் பெருவிரலில் மரத்துப்போன இடம் அப்படியே இருக்கிறது. இனிப் பந்து விளையாட முடியாது என்று டொக்டர் சொன்னதை அவருடைய அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம். தராசுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வருகிறாரோ தெரியாது. வராவிட்டால் அதில் எனக்கு வருத்தப்பட உரிமையில்லை.

போன வெள்ளிக்கிழமை அழகம்மா வந்தார். பழனிமுத்து ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இம்முறையும் கேற்றுக்கு வெளியிலேயே நின்றார்.

"வலிக்குதுன்னு சொன்னவங்கள்லாம் இன்னும் வேலையில இருக்காங்களா ஐயா?" என்று கேட்டார்.

"இருக்கிறார்கள்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதன்பிறகு கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பிரிக்கும் மேசையைக் காட்டினேன். அதைக் கண்டுகொள்ளாமல் நேரே மேடைக்குப் போனார். ஒரு மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், வயிற்றோடு அணைத்தார், இரண்டு எட்டு வைத்து அடுக்கில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு இடுப்பு வலிக்கும் ஐயா" என்றார். "வலது பக்கம். ரொம்ப நாளா."

எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். சரி என்றேன். டொக்டர் வரும் நாளைச் சொன்னேன். இன்று காலை வேலைக்கு வந்துவிட்டார். அடுக்கும் இடத்தில்தான் நிற்கிறார்.

சோமசுந்தரம்